துணி கேட்கும் வெளிச்சம்: ஃபேஷன் ஷோவின் விளக்குகளும் வித்தைகளும்

வீட்டில் ஒரு வெல்வெட் துணியோ கெட்டியான பருத்திச் சட்டையோ இருந்தால் எடுத்துக் கதவில் மாட்டுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நேராக அடியுங்கள். மடிப்பெல்லாம் காணாமல் போய், துணி சுவரில் ஒட்டிய காகிதம்போலத் தட்டையாகத் தெரியும். இனி டார்ச்சை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போங்கள். முதலில் ஒரு மடிப்பின் ஓரத்தில் நிழல் விழும். பிறகு தையல் வரி எழும்பும். ஒளி துணியை உரசிக்கொண்டு ஓடும் அளவுக்குப் பக்கமாக வந்துவிட்டால், நெசவின் சொரசொரப்புகூடக் கண்ணில் படும். அதே துணி, அதே டார்ச், மாறியது கோணம்தான்.

ஃபேஷன் ஷோ ஒளியமைப்பில் பாதிப் பாடம் இதோடு முடிந்தது. அந்தத் துணி நடந்து வரத் தொடங்கினால் என்ன செய்வது என்பதுதான் மீதிப் பாதி.

நாடகத்தில் நடிகர் எங்கே நிற்பார் என்பது ஒத்திகையிலேயே முடிவாகிவிடும். அந்த இடத்தில் விளக்கைக் குவிக்கலாம், மற்ற இடத்தை இருட்டாக விடலாம். இசை நிகழ்ச்சியில் பாடகரின் முகம் பத்து நொடி நீலமாகத் தெரிந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. மாடல்கள் நடந்து வரும் நீண்ட மேடையான ரேம்ப் அப்படியல்ல. மாடல் ஒரு முனையில் தோன்றுகிறார், நேராக நம்மை நோக்கி நடந்து வருகிறார், மறுமுனையில் ஒரு கணம் நிற்கிறார், திரும்பிப் போய்விடுகிறார். ஓர் உடை பார்வையாளர் கண்ணெதிரே இருப்பது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மொத்த நிகழ்ச்சியே வழக்கமாகப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். அதற்குள் முப்பது, நாற்பது உடைகள் வந்து போகும். மாதக்கணக்கில் தைத்ததை ஒரு நிமிடத்தில் காட்டியாக வேண்டும் என்றால், அந்த நடையின் எந்த அடியும் இருட்டில் வீணாகக் கூடாது.

சரி, ரேம்ப்பின் முனையில் ஒரு பெரிய விளக்கை வைத்து நேராக அடித்தால் போதாதா? போதாது. விரிந்து பரவும் ஒளிக்கு ஒரு கணக்கு உண்டு: தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. விளக்கிலிருந்து 20 மீட்டர் தள்ளித் தோன்றும் மாடல் 5 மீட்டர் அருகே வரும்போது அவர்மேல் விழும் வெளிச்சம் பதினாறு மடங்கு கூடியிருக்கும். தொடக்கத்தில் சாம்பலாகத் தெரிந்த வெள்ளைச் சட்டை, முனைக்கு வரும்போது கண்ணைக் கூசும்.

ஆகவே ரேம்ப்பின் மேலே, அதன் நீளம் முழுக்க, ட்ரஸ் என்னும் அலுமினியச் சட்டங்களைத் தொங்கவிட்டு, அவற்றில் சீரான இடைவெளியில் விளக்குகளைக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு விளக்கின் ஒளிவட்டமும் நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் இருக்கும். ஒன்றின் மங்கிய ஓரம் அடுத்ததின் மங்கிய ஓரத்தின்மேல் படியுமாறு அமைத்தால், இரண்டு மங்கலும் சேர்ந்து ஒரு முழு வெளிச்சமாகும். இந்த இணைப்புச் சரியாக அமையாத ரேம்ப்பில் நடந்து வருபவரின் முகம், தெருவிளக்குகளுக்குக் கீழே போகிறவர் முகம்போல வெளிச்சமும் இருட்டுமாக மாறிக்கொண்டே வரும்.

இதைச் சரிபார்க்கும் வேலை, பார்க்கிறவருக்குக் கொட்டாவி வரவழைக்கும். ஒருவர் ஒளிமானியை மார்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு ரேம்ப்பில் ஓர் அடி வைக்கிறார், நிற்கிறார், எண்ணைச் சொல்கிறார். ஏணியில் இருப்பவர் ஒரு விளக்கை விரற்கடை அளவு திருப்புகிறார். அடுத்த அடி. இப்படியே முனைவரை போய்விட்டு, பிறகு முக உயரத்தில் பிடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து. என்னைக் கேட்டால், லேசருக்கும் புகைக்கும் கிடைக்கும் கைதட்டலில் பாதியை இந்த நடைக்குத் தரவேண்டும்.

எந்தத் திசையிலிருந்து?

உச்சந்தலைக்கு நேர் மேலிருந்து ஒளி விழுந்தால் கண்குழிகள் கறுத்துப் போகும். தொப்பி அணிந்திருந்தால் முகமே இல்லை. நேர் முன்னாலிருந்து விழுந்தால் டார்ச் சோதனையில் பார்த்ததுபோல எல்லாம் தட்டை. எனவே இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில், இருபுறமிருந்தும் ஒளி வருவது பழைய, நம்பகமான ஏற்பாடு. இதோடு ரேம்ப்பின் முனையில், புகைப்படக்காரர்கள் அடுக்கடுக்காக நிற்கும் மேடைக்கு மேலிருந்து ஒரு முன்னொளி வரும். அதுதான் கண்ணுக்குள் சின்னப் பொட்டாக மின்னி முகத்துக்கு உயிர் கொடுப்பது.

பின்னாலிருந்து கொஞ்சம் ஒளி வேண்டும். கறுப்புப் பின்னணியில் கறுப்புக் கோட்டு நடந்து வந்தால் தலையும் கைகளும் மட்டும் மிதந்து வருவதுபோல் இருக்கும். பின்னொளி தோளின் விளிம்பில் ஒரு மெல்லிய கோடு போட்டுக் கோட்டைப் பிரித்துக் காட்டும். தரையும் ஒரு விளக்குதான். வெள்ளை ரேம்ப் கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்பி, தாடைக்கும் பாவாடை மடிப்புக்கும் அடியிலுள்ள நிழலை இளக்கிவிடும். கறுப்புத் தரை அந்த உதவியைச் செய்யாது. பளபளக்கும் கறுப்புத் தரையோ மேலே தொங்கும் ஒவ்வொரு விளக்கையும் காலடியில் பிரதிபலித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

நிறம் பொய் சொல்லும்போது

கடை விளக்கில் கறுப்பு என்று வாங்கிய கால்சட்டை வெயிலுக்கு வந்ததும் கருநீலமாகத் தெரிந்த அனுபவம் பலருக்கும் இருக்கும். ஒரு விளக்கில் ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு துணிகள் இன்னொரு விளக்கில் வேறு வேறாகத் தெரியலாம். சாயம் வேறு, விளக்கின் நிறக் கலவை வேறு. சட்டையும் கால்சட்டையும் ஒரே நிறம் என்று வடிவமைப்பாளர் தையலறையில் நம்பியது ரேம்ப்பில் வேறு வேறு நிறமாகத் தெரிந்தால், குற்றம் பெரும்பாலும் விளக்குடையது.

வெள்ளை ஒளியிலேயே பல வெள்ளைகள் உண்டு. கெல்வின் என்ற அலகால் இதைச் சொல்வார்கள். பழைய ஹாலஜன் மேடை விளக்கு 3200 கெல்வின், சற்று மஞ்சள் சாயல். நண்பகல் வெளிச்சத்துக்கு ஈடாக வைத்துக்கொள்வது 5600 கெல்வின், சற்று நீலம் கலந்த வெள்ளை. ஹாலஜனை மங்கலாக்கினால் அது மேலும் ஆரஞ்சாகிக்கொண்டே போகும் என்பது இன்னொரு சங்கடம்.

எல்.இ.டி. வந்த பிறகு வெப்பமும் மின்செலவும் குறைந்தன. தலைவலி வேறு இடத்துக்கு நகர்ந்தது. ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று 100வரை மதிப்பெண் போடுகிறார்கள். அந்த எண் எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. ஆர்-9 எனப்படும் அடர்சிவப்பு அந்தச் சராசரியில் சேர்வதே இல்லை. ஆகவே 80 மதிப்பெண் வாங்கிய மலிவு விளக்கு ஒன்று அடர்சிவப்பில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கலாம். அதன் கீழே ரத்தச் சிவப்பு கவுன் பழுப்பாகும், தோல் நோய்வாய்ப்பட்டவர் தோலாகும். ரேம்ப்புக்கு விளக்கு எடுப்பவர்கள் சி.ஆர்.ஐ. 90க்கு மேல் வேண்டும், ஆர்-9 எவ்வளவு என்று தனியாகச் சொல்லுங்கள் என்று கேட்பது இதனால்தான்.

வண்ண ஒளியைப் பற்றி ஒரே வரி: சிவப்பு ஒளியில் நீலத் துணி கறுப்பாகிவிடும். துணியிடம் திருப்பி அனுப்ப நீலம் வேண்டுமே, ஒளியில் அது இல்லை. ஆகவே வண்ண விளக்குகளைப் பின்னணிக்கும் சுவருக்கும் தொடக்க நொடிகளுக்கும் விட்டுவிட்டு, உடைமேல் வெள்ளையையே விழ வைப்பார்கள்.

துணிக்குத் துணி வேறு

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரே ரேம்ப், ஒரே விளக்கு. ஒவ்வொரு துணியும் அதை வெவ்வேறு விதமாக வாங்கிக்கொள்ளும்.

சமிக்கிக்குச் சிறிய, கூர்மையான விளக்குகள் வேண்டும். ஒவ்வொரு சமிக்கியும் ஒரு குட்டிக் கண்ணாடி. விளக்கின் பிம்பத்தை ஒரு நொடி நம் கண்ணுக்கு அனுப்பிவிட்டு, மாடல் அசைந்ததும் அணைந்துவிடும். அந்த மினுக்கம் பிறப்பது அந்த அணைதலில். பெரிய, பரந்த, மென்மையான ஒளியில் எல்லாச் சமிக்கியும் எப்போதும் பாதி ஒளிரும். மினுக்கம் போய் மீன்செதிலின் மங்கிய பளபளப்புத்தான் மிஞ்சும். சாட்டினுக்கு இதற்கு நேர்மாறு. கூர்மையான விளக்கு அதில் வெள்ளைக் கீறல்போல விழுந்து ஒவ்வொரு சுருக்கத்தையும் ஊரறியச் செய்யும். பரந்த ஒளியில்தான் அது தண்ணீர்போல வழியும்.

வெல்வெட் ஒளியை விழுங்கும். அதன் மேற்பரப்பில் மயிர்போல அடர்ந்திருக்கும் குச்சம் செங்குத்தாக நிற்பதால், முன்னாலிருந்து வரும் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்புவதில்லை. பக்கவாட்டு ஒளி ஒன்றுதான் குச்சத்தின் நுனிகளைப் பிடித்து, இது வெல்வெட் என்று சொல்லும். ரசாயன வெண்மை ஏற்றிய வெள்ளைத் துணிகள் புற ஊதா விளக்கில் நீலம் கலந்து ஒளிரும். சாயமோ வெண்மையோ ஏற்றாத பருத்தி அப்படி ஒளிராது. இதை வித்தையாகப் பயன்படுத்தலாம். ஆனால் கறுப்புக் கோட்டில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு பஞ்சிழையும் சேர்ந்து ஒளிரும் என்பதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஷிஃபானிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. முன்னொளியில் அடக்கமாக இருக்கும் இந்தத் துணி, பின்னொளியில் திரைச்சீலையாகிவிடும். நான் உதவியாளாக இருந்த ஒரு நிகழ்ச்சியில் மாடல்கள் நுழையும் வாசலுக்குப் பின்னால் பலமான விளக்கு ஒன்றை வைத்தோம். ஒவ்வொருவரும் முதலில் நிழலுருவாகத் தோன்றி, இரண்டு அடி வைத்ததும் ஒளிக்குள் வருவார்கள்; ஒத்திகையில் பிரமாதமாக இருந்தது. ஒத்திகையில் எல்லாரும் ஜீன்ஸ் அணிந்திருந்தார்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. நிகழ்ச்சியில் ஏழாவதாக வந்தது உள்துணி வைக்காத வெளிர் ஷிஃபான் பாவாடை. அந்தப் பெண்ணின் கால்கள் இரண்டும் வாசலில் கறுப்புச் சித்திரமாக நின்றன. கட்டுப்பாட்டு மேசையில் இருந்தவர் விளக்கைச் சட்டென இறக்கிவிட்டார். ஆனாலும் புகைப்படக்காரர்களின் விரல் அவரைவிட வேகமானது. அன்றுமுதல் எந்த நிகழ்ச்சி என்றாலும் ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டை முன்கூட்டியே கேட்டு வாங்கி, அதன் முன்னாலும் பின்னாலும் விளக்கைப் பிடித்துப் பார்க்காமல் நான் விடுவதில்லை. ஒத்திகைக்கு உடைகள் பெரும்பாலும் வராது. உடையும் ஒளியும் முதன்முதலாகச் சந்திப்பது பல நேரம் நிகழ்ச்சியில்தான்.

கேமரா என்ற இன்னொரு பார்வையாளர்

அரங்கில் சில நூறு பேர் இருப்பார்கள். மற்ற எல்லாரும் படத்தில்தான் பார்க்கப் போகிறார்கள். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் ஓயாமல் தன்னைத் திருத்திக்கொள்ளும். கேமராவுக்கு அந்தத் தாராளம் கிடையாது. ரேம்ப் முழுக்க ஒரே வெளிச்சம், ஒரே வெள்ளை இருந்தால், புகைப்படக்காரர் தொடக்கத்தில் ஒருமுறை அளவை வைத்துவிட்டு நிம்மதியாக எடுப்பார். பார்வையாளர் வரிசை இருட்டாகவும் ரேம்ப் வெளிச்சமாகவும் இருந்தால், கைப்பேசி அந்த இருட்டைச் சரிசெய்யப் போய் வெள்ளைக் கவுனை வெறும் வெள்ளைக் கறையாக்கிவிடும். இன்னொன்று: பல எல்.இ.டி. விளக்குகள் மங்கலாவது, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிவதால்தான். அந்த வேகம் போதாவிட்டால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். அரங்கில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது, மறுநாள்தான் தெரியும்.

இத்தனை விளக்குகளையும் ஓரிடத்திலிருந்து இயக்குவது டி.எம்.எக்ஸ்.-512 என்ற முறை. 1986இல் வந்தது, இன்னும் உழைக்கிறது. ஒரு கம்பிவழியில் 512 தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் 0 முதல் 255 வரை ஓர் எண். சாதாரண விளக்குக்கு ஒரு தடம் போதும். தலை திருப்பி, நிறம் மாற்றி, வடிவம் வீசும் விளக்கு ஒன்றே இருபது முப்பது தடங்களை விழுங்கிவிடும். மாற்றங்களை முன்பே பதிவுசெய்து வரிசை எண் கொடுத்திருப்பார்கள். நிகழ்ச்சியின்போது ஒருவர் ஹெட்செட்டில் எண்ணைச் சொல்ல, மேசையில் இருப்பவர் பொத்தானை அழுத்துவார்.

வித்தைகள்

புகையிலிருந்து தொடங்குவோம். காற்றில் மெல்லிய துளிகளைப் பரப்பி ஒளிக்கற்றையைக் கண்ணுக்குத் தெரியவைக்கும் மூட்டம் ஒன்று. அழகுதான். ஆனால் கேமராவுக்கும் உடைக்கும் நடுவே அது ஒரு மெல்லிய திரை, கறுப்பைச் சாம்பலாக்கும். தரையோடு தவழும் வெண்புகை இன்னொன்று. மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸில் இருக்கும் உலர்பனியை, அதாவது உறைந்த கரியமில வாயுவை, வெந்நீரில் இறக்கினால் வருவது. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் அது தாழ்வான இடத்தில் தேங்கும். மூடிய அரங்கில் காற்றோட்டம் இல்லாவிட்டால் மூச்சுக்கு ஆபத்து. அதோடு, முழங்கால்வரை புகை நின்றால் காலணிகளை யார் பார்ப்பது? அவற்றையும் ஒருவர் வடிவமைத்திருக்கிறார்.

குளிர்ப்பொறி எனப்படும் கருவியில் உலோகத் துகள்கள் சூடாகிப் பொறியாகச் சிதறும், பெயரில்தான் குளிர். தரையில் இழுபடும் வலைத்துணிக்கு அருகே அதை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். வேகமாக வெட்டும் ஸ்ட்ரோப் விளக்கு, நொடிக்கு மூன்று முதல் முப்பது முறை மினுக்கும்போது, ஒளி உணர்திறன் கொண்ட வலிப்பு நோயாளிகளுக்கு வலிப்பைத் தூண்டலாம். முன்னறிவிப்பு இல்லாமல் போடக் கூடாது. பின்னால் நிற்கும் எல்.இ.டி. திரை உடையைவிடப் பிரகாசமாக இருந்தால் மாடல் வெறும் நிழலாகிவிடுவார். திரையை எவ்வளவு மங்க வைக்கலாம் என்பதில் காணொளி தயாரித்தவருக்கும் ஒளியமைப்பாளருக்கும் சண்டை வராத நிகழ்ச்சி அபூர்வம்.

இனி, நினைவில் நின்றுவிட்ட வித்தைகள். பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீன் 2000 செப்டம்பரில் லண்டனில் நடத்திய நிகழ்ச்சியில் நடுவே ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி. வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு. ஆகவே பெட்டி முகம் பார்க்கும் கண்ணாடியாகி, வந்து அமர்ந்த விருந்தினர்கள் தங்களையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நெளிந்தார்கள். பிறகு உள்ளே விளக்கு எரிந்தது, அதே கண்ணாடி சன்னலானது. இரவில் வீட்டுச் சன்னலில் நம் முகம் தெரிவதும், அறை விளக்கை அணைத்ததும் தெரு தெரிவதும் இதே விதிதான். இந்தச் சன்னல் விதியைவிடச் சிக்கனமான வித்தையை நான் அறியேன்.

அதே மெக்வீன் 2006இல் பாரிஸில், கண்ணாடிப் பிரமிடுக்குள் மாடல் கேட் மாஸின் உருவத்தைக் காற்றில் மிதக்கவிட்டார். பலரும் ஹாலோகிராம் என்றார்கள். உண்மையில் அது பெப்பரின் பேய் என்ற பழைய மேடைத் தந்திரத்தின் வழிவந்தது. ஜான் ஹென்றி பெப்பர் 1862இல் லண்டனில் காட்டிப் புகழ்பெற்றது: பார்வையாளர் கண்ணுக்குப் படாத இடத்தில் பலமான ஒளியில் ஓர் உருவம், மேடையில் சாய்த்து வைத்த கண்ணாடி, அதில் விழும் பிரதிபிம்பம். 1862இல் மறைவிடத்தில் நின்றது ஒரு நடிகர். 2006இல் ஒரு காணொளி. சுற்றிலும் இருட்டு இல்லாவிட்டால் இரண்டுமே பலிக்காது.

வடிவமைப்பாளர் ஹுசைன் சாலயான் 2007இல் ஆயிரக்கணக்கான எல்.இ.டி.க்களை உடைக்குள்ளேயே தைத்து, உடையையே விளக்காக்கினார். 2022இல் பாரிஸில் கொப்பர்னி என்ற ஃபேஷன் நிறுவனத்தின் மேடையில் மாடல் பெல்லா ஹதீதின் உடல்மேல் திரவ இழையைத் தெளித்து, பத்து நிமிடத்துக்குள் ஒரு வெள்ளை உடை உண்டாக்கப்பட்டது. இதற்கு முன்னோடியாகப் பலரும் சொல்வது 1998இல் நடந்த மெக்வீன் நிகழ்ச்சியின் இறுதிக் காட்சி: சுழலும் தட்டில் வெள்ளை உடையோடு மாடல் ஷாலோம் ஹார்லோ, இருபுறமும் இரண்டு இயந்திரக் கைகள், அவை பீச்சிய கறுப்பும் மஞ்சளும். உடையை மறக்க வைத்த வித்தைகள் ஏராளம். இந்த இரண்டிலும் பார்க்கக் கிடைத்ததே உடை உருவாகும் விதம்தான். வித்தையை ஏற்பதா என்று என்னிடம் கேட்டால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அடுத்த முறை ஒரு ஃபேஷன் ஷோ காணொளி பார்க்கும்போது, ஒலியை நிறுத்திவிட்டு மாடலின் காலடியைப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக மெல்லிய நிழல்கள் விழுந்து, நடக்க நடக்க ஒன்று நீளும்போது இன்னொன்று குறுகினால், மேலே விளக்குகள் ஒன்றிடமிருந்து ஒன்று அவரை வாங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரே ஒரு கறுத்த நிழல் பின்னால் நீண்டு கிடந்தால் முன்னால் ஒற்றை விளக்கு. பிறகு வெள்ளை உடை ஒன்று வரும்வரை காத்திருங்கள்; வாசலில் ஒருமுறையும் முனையில் ஒருமுறையும் நிறுத்தி, இரண்டு வெள்ளையையும் ஒப்பிடுங்கள்.